மணல் இல்லாத அரீனாவில் ஒரு மரவாள்

டொராண்டோவுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் மருமகனின் வலது கண்ணைப் பத்திரப்படுத்த. இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் வளர்ந்தவர் என்பதால் குண்டு பட்டிருக்கும் என்று கேட்கிறவர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். குகன் திருத்துவதில்லை. உண்மையில் அது கிட்டிப்புள் பட்ட கண்.

மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணோடு அவர் கிளாடியேட்டர் சண்டை போடுகிறார் என்று என் மகள் மீனா தொலைபேசியில் சொன்னபோது, காதில் தப்பாக விழுந்ததென்று நினைத்தேன். சரியாகத்தான் விழுந்திருந்தது. தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். பழைய ரோமாபுரியில் எப்படிச் சண்டை போட்டார்களோ அப்படியே, மரத்தாலும் ரப்பராலும் செய்த ஆயுதங்களால். ஆயுதம் பொய், அடி நிஜம். குகன் கையில் ஒரு வலையும் மூன்று முனை ஈட்டியும். போன மாதம் நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள்.

“கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணுப்பா. நான் சொன்னா சிரிக்கிறார். நீங்க வந்து நிறுத்துங்க. உங்க வேலையே அதுதானே?”

என் வேலை அதுதான். நான் கோட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரைப் பக்கம், ஜல்லிக்கட்டு நடக்கும் கோட்டம். தடுப்புவேலி எத்தனை வரிசை, தரையில் தென்னைநார்க் கழிவு எவ்வளவு கனம், மருத்துவர் எங்கே உட்கார வேண்டும், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் மூக்கை வைத்து நிற்க வேண்டும், அமைச்சர் தாமதமாக வந்தால் காளைகளுக்கு யார் தண்ணீர் காட்ட வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு விளையாட்டை நடத்தத் தெரிந்தவனுக்கு அதை நிறுத்தவும் தெரியும்.

முதல் நாள் விமான நிலையத்தில் குகன் வந்து நின்றார். நெற்றித் தையல் ஆறிப்போய் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. “வாங்கோ மாமா. பிளேன்ல நித்திரை கொண்டனீங்களோ?” என்றார். பெட்டியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். இவ்வளவு மரியாதையான ஆளை எப்படித் திட்டுவது என்ற கவலை அங்கேயே தொடங்கியது.

அவர்கள் வீடு ரூஜ் பகுதியில். வழியில் தமிழ்ப் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. நாங்கள் ‘டொராண்டோ’ என்று எழுதுவதை இவர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறார்கள். ஒரு பலகையை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பல் கட்டிய முதல் நாள் போல் இருந்தது. குகன் பணிவாக, “நீங்கள் எழுதுறதை வாசிக்க எங்களுக்கும் உப்பிடித்தான் இருக்கும் மாமா” என்றார்.

இரவுச் சாப்பாடு இடியப்பம், சொதி, சம்பல். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சளாக ஒரு சாறு. ரசத்துக்குத் தூரத்து உறவு. மதுரைப் பெண்ணான என் மகள் அதைக் குடிப்பதைப் பார்த்தபோதுதான் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று முழுதாக உறைத்தது.

குகன் கை கழுவப் போன நேரத்தில் நான் மெதுவாக, “நாளைக்கு அவர்கிட்ட பேசுறேன்” என்றேன்.

மீனா பதறினாள். “ஐயோ அப்பா, அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. இவங்களுக்குப் பேசுறதுன்னா திட்டுறது. கல்யாணமான புதுசுல, நான் இவர்கிட்ட ‘உங்க அம்மாகிட்ட கொஞ்சம் பேசணும்’னு சொல்லி ரெண்டு நாள் வீட்ல யாரும் வாயே திறக்கலை. நீங்க ‘கதைக்கணும்’னு சொல்லணும்.”

கதைத்தேன். மறுநாள் காலை, பாணும் பருப்பும் தின்றபடி. பாண் என்றால் ரொட்டி. கல்லூரியில் நான் படித்த ரோம வரலாற்றைத் தூசி தட்டி எடுத்துவைத்தேன். கிளாடியேட்டர்கள் பெரும்பாலும் அடிமைகள், கைதிகள், வேறு வழியில்லாதவர்கள். தேர்தலில் நிற்கிறவர்கள் ஓட்டுக்காக நடத்திய வேடிக்கை அது. கண்ணுக்குப் பழுதில்லாத மனிதர்களே தப்பிப்பது கடினம். கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடுகிற, ஒற்றைக் கண்ணை நம்பிப் பிழைக்கிற நீங்கள் எதற்கு?

எல்லாவற்றுக்கும் “ஓம் மாமா” என்றார். ஓம் என்றால் ஆமாம். அலுவலகத்தில் நான் கேட்ட ஆமாம்களில் எது செயலுக்கு வரும், எது வராது என்று குரலிலேயே தெரிந்துவிடும். இது வராத ரகம்.

“சரி, தலைக்கவசமாவது போடக்கூடாதா?”

“வலைக்காரனுக்குக் கவசம் இல்லை மாமா. துரத்துற ஆளுக்குத்தான். அந்தக் கவசத்தில கண்ணுக்கு ரெண்டே ரெண்டு சின்ன ஓட்டை. அதைப் போட்டால் எனக்கு ஒண்டுதான் வேலை செய்யும். அதுதான் வலையை எடுத்தனான்.” பிறகு, விளையாட்டு வீரர்கள் போடும் பட்டை வைத்த பவர் கண்ணாடியைக் காட்டினார். “இதைப் போட்டுக்கொண்டுதான் இறங்கிறனான். அந்தரப்படாதேங்கோ.” பதறாதீர்கள் என்று அர்த்தம்.

ஏன் இதை விடமுடியாது என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வந்த புதிதில் இவரைத் தன் வீட்டு நிலவறை அறையில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்துச் சோறு போட்டவர் யூட் மாஸ்ரர். குழுவை நடத்துவது அவர்தான். ஆட்கள் குறைவு. “மாஸ்ரருக்குச் சொல்லுக் குடுத்திட்டன் மாமா.”

யூட் மாஸ்ரர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். இங்கே ஒரு பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுக்கிறார். வீடு விட்பியில். சனிக்கிழமை ஒத்திகைக்கு நானும் வருவதாகச் சொன்னேன். குகனுக்கு அன்று வேலை இருந்ததால் நான் மட்டும் ரயிலில் போவதாக ஏற்பாடு. இந்தியாவில் ரயில் ஏறத் தெரிந்தவன் எங்கும் ஏறலாம் என்று மகளிடம் பெருமை வேறு.

நிலையத்தில் அட்டையை முறைப்படி தட்டினேன். மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்றேன். கதவு திறந்ததும் இறங்குபவர்களுக்கு வழிவிட்டேன். மேல்தட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஏரி வலது பக்கம் வரவேண்டும் என்று குகன் சொல்லியிருந்தார். இடது பக்கம் வந்தது. பக்கத்தில் ஒருவர் தொலைபேசியில், முந்தின நாள் ஹாக்கி ஆட்டத்தில் நடுவருக்குக் கண்ணே இல்லை என்று யாரிடமோ கொதித்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எங்கே போகவேண்டும்?” என்றார். சொன்னேன். “நீங்கள் அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள், அழகாக” என்றார். எல்லா விதிகளையும் கடைப்பிடித்து, எதிர்த் திசையில் போயிருக்கிறேன். முப்பது வருட அரசுப்பணிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

அடுத்த நிலையத்தில் இறங்கி, மறுபக்கம் ஏறி, விட்பி போய்ச் சேர்ந்தேன். யூட் மாஸ்ரர் காரோடு காத்திருந்தார். அகலமான மனிதர், வெள்ளை மீசை, வலது முழங்காலில் இறுக்கிக் கட்டிய பட்டை.

“ஐயா, நீங்கள் காளை விளையாட்டு நடத்தின பெரிய ஒபிசராம். குகன் சொன்னவன். உங்களைத்தான் இவ்வளவு காலமும் தேடினனான்.”

அவரைத் திட்டும் தயாரிப்பில் நான் இருந்தேன். என்னைத் தேடினேன் என்று ஒருவர் சொன்னால் எப்படித் திட்டுவது? ஓய்வு பெற்றபின் என்னைத் தேடி வந்தவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும்தான்.

மாஸ்ரர் வீட்டில் இரண்டு கார் நிறுத்தும் கொட்டகை. கார்கள் வெளியே வெயிலில் நின்றன. உள்ளே தரையெங்கும் ரப்பர் பாய், சுவரெங்கும் கேடயம், கவசம், வலை. நடுவில் ஆணியில் தனியாக ஒரு மரவாள்.

அது என்ன என்று கேட்டேன். மாஸ்ரர் குரலைத் தாழ்த்தினார். விளையாட்டு நடத்துகிறவருக்கு ரோமில் மூன்று அதிகாரம். தொடங்கிவைப்பது ஒன்று. தோற்றவனை உயிரோடு விடச் சொல்வது இரண்டாவது. மூன்றாவது இந்த மரவாள். போதுமான அளவு சண்டை போட்டவனுக்கு இதைக் கொடுத்தால் அவன் விடுதலை. இனி அவனை யாரும் அரங்கில் இறக்க முடியாது.

“நீங்கள் யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?”

“என்ன பகிடியே? இருக்கிற ஆக்களே காணாது. அது சும்மா வடிவுக்குத் தொங்குது. ஆனால் சட்டம் சட்டம்தான். குடுத்தால் குடுத்ததுதான். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும்.”

எனக்குப் பணி ஓய்வின்போது ஒரு பொன்னாடையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். கருத்து ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு இனி யாரையும் எதுவும் செய்ய முடியாது.

ரோமில் சிலர் மரவாள் வாங்கிய பிறகும் திரும்பி வந்து சண்டை போட்டார்களாமே என்றேன். மாஸ்ரருக்கு என் மேல் மதிப்புக் கூடியது. “ஓம், போட்டவங்கள். இஞ்ச அந்த வேலை சரிவராது.” எங்கள் துறையில் அதற்கு மறுநியமனம் என்று பெயர்.

குகன் வேலை முடிந்து நேரே வந்தார். அவரோடு மோதப் போகிறவன் ரமணன். கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவன். மின்சார வேலை செய்கிறான். கதவை மறைக்கும் உடம்பு. “ஹாய் அங்கிள்” என்று என் கையைக் குலுக்கிவிட்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். அத்தோடு அவன் முகம் இல்லை. இரண்டு ஓட்டைகள் மட்டும்.

எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். “ஐயா, நீங்கதான் எடிட்டர்” என்றார் மாஸ்ரர். பத்திரிகையா நடத்துகிறீர்கள் என்று கேட்டேன். லத்தீனில் விளையாட்டைக் கொடுக்கிறவருக்கு அதுதான் பெயராம். “தோத்தவன் ஒரு விரலைத் தூக்குவான். நீங்கள் தீர்ப்புச் சொல்லோணும். விடச் சொன்னால் விடுவான். இல்லாட்டில் வெட்டுற மாதிரி நடிச்சுத் தோளில ஒரு தட்டு.”

“கட்டைவிரலை மேலே காட்டவேண்டுமா, கீழேயா?”

“அது ஒருத்தருக்கும் தெரியாது ஐயா. எழுதினவன் ‘பெருவிரலைத் திருப்பினாங்கள்’ எண்டு மட்டும் எழுதிப்போட்டுப் போயிட்டான். எந்தப் பக்கம் எண்டு எழுதேல்லை.”

‘ஆவன செய்க’ என்று கோப்பில் எழுதிவிட்டு மாறுதலில் போன மேலதிகாரிகளை நினைத்துக்கொண்டேன்.

“நீங்கள் வாயாலயே சொல்லுங்கோ. இண்டைக்கு ஒத்திகைதானே” என்றார்.

சண்டை தொடங்கியது. என் மருமகன் நன்றாகத்தான் ஆடினார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பார்வையில்லாத இடது பக்கத்தை ரமணனுக்குக் காட்டாமல், வட்டமாகச் சுற்றிச் சுற்றி வலையை வீசினார். வலை ரமணனின் கவசத்தில் விழுந்தது. அவன் நின்று கழற்றவில்லை. வலையோடு காளைபோல் உள்ளே வந்தான். குகன் சரிந்தார். வலையின் கயிறு கண்ணாடிப் பட்டையில் சிக்கி, அதைப் பறித்துக்கொண்டு போனது. கீழே கிடந்தவர் ஒரு கையால் கண்ணாடியைத் துழாவிக்கொண்டே மறுகையில் ஒரு விரலைத் தூக்கினார். முகத்துக்கு நேர் மேலே ரமணனின் மரக்கத்தி.

நான் எழுந்து நின்று கத்தினேன். “விடு! விடுப்பா! விடு!”

ரமணன் விட்டான்.

அடி தோள்கவசத்தில் இறங்கி, வழுக்கி, கன்னத்தில் உரசிக்கொண்டு போனது. குகன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தக் கைகளை அவர் எடுக்கும்வரை நான் எந்தத் தெய்வத்தை வேண்டினேன் என்று எனக்கே தெரியாது. எடுத்தார். கண்ணுக்குக் கீழே, கன்னத்து எலும்பின்மேல் ஒரு சிவப்புக் கோடு. கண் சிமிட்டியது. என்னைப் பார்த்தது.

ரமணன் கவசத்தைக் கழற்றி எறிந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. “அங்கிள், நீங்கதானே ‘விடு, விடு’ எண்டு கத்தினனீங்கள்!”

“விட்டுவிடு என்று சொன்னேன்!”

“எங்கட அப்பா ‘விடுறன் ஒண்டு’ எண்டால் கன்னத்திலதான் விழும். எனக்குத் தெரிஞ்ச தமிழ் முழுக்க அடி வாங்கிப் படிச்சது, அங்கிள்.”

பேசுவதும் கதைப்பதும் வேறு என்று கவனமாக இருந்தவன், இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு சொல்லில் போய் விழுந்தேன். உயிரோடு விடுவதற்கும் அதே சொல். ஓங்கி ஒன்று விடுவதற்கும் அதே சொல். மாஸ்ரர் சமாதானம் செய்ய வந்தார். “ரோமிலயும் சனம் ‘மித்தே’ எண்டுதான் கத்தினது. அதுக்கு அர்த்தம் விடு எண்டுதான். ஐயா லத்தீனில சரியாத்தான் கத்தினவர். தமிழிலதான் பிழைச்சுப் போச்சு.” பிறகு, விழா அன்று வாயால் தீர்ப்பு வேண்டாம், வெள்ளைத் துண்டை ஆட்டினால் அடிக்காமல் விட்டுவிட வேண்டும் என்று முடிவானது. தொடங்கிவைப்பதற்கும் அதே துண்டைக் கீழே போடவேண்டும். ரோமில் அப்படித்தானாம்.

மீனா சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். யார் காரணம் என்று ரமணன் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டபோது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. “உங்களை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டா, நீங்க அடிக்கச் சொல்லிக் குடுத்திருக்கீங்க” என்றாள். பிறகு புருஷனிடம் திரும்பி, “இந்த ஒரு கண்ணும் போனா உங்க மாஸ்ரர் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாரா?” என்றாள். விழா அடுத்த சனிக்கிழமை. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. கடைகளில் ஒட்டியும் ஆகிவிட்டது. அதில் என் பெயரும் இருந்தது. ‘தமிழகத்திலிருந்து வருகை தந்திருக்கும்’ என்று தொடங்கி.

அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் யாருடனும் பேசவுமில்லை, கதைக்கவுமில்லை. நான் ஏரிக்கரையில் நடந்தேன். குப்பைத் தொட்டிகளின் முறையைப் படித்தேன். பச்சைத் தொட்டி வாராவாரம். நீலமும் கறுப்பும் வாரம் மாற்றி. முதல் நாள் மாலையே கைப்பிடி வீட்டைப் பார்த்திருக்கும்படி தெருவில் வைக்கவேண்டும். அற்புதமான ஏற்பாடு. குகன் அதிலும் அசட்டை.

விழா யூனியன்வில் பக்கம் ஒரு பனிச்சறுக்கு மண்டபத்தில். கோடை என்பதால் பனி எடுத்திருந்தார்கள். அதை இங்கே அரீனா என்கிறார்கள். அரீனா என்றால் லத்தீனில் மணல். ரத்தம் உறிஞ்சுவதற்காகக் கொட்டிய மணல். மாஸ்ரர் ஆசையோடு இரண்டு லாரி மணல் கேட்டிருக்கிறார். மணல் எந்திரங்களைக் கெடுக்கும் என்று மண்டப நிர்வாகம் மறுத்துவிட்டது. மணல் என்ற பெயருள்ள இடத்தில் மணலுக்குத் தடை. நான் அந்த நிர்வாகியைச் சந்திக்க விரும்பினேன். நாங்கள் நண்பர்களாகியிருப்போம்.

வாடிவாசலோடு ஒப்பிட்டால் பாதுகாப்பு அருமை. சுற்றிலும் இடுப்பளவு சுவர், அதற்குமேல் ஆள் உயரக் கண்ணாடி. எங்கள் சவுக்குக் கம்பு வேலிக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் நான் பொங்கலன்று வீட்டில் பொங்கல் சாப்பிட்டிருப்பேன். எனக்கு ஒதுக்கிய சிறப்பிடம் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஹாக்கியில் தப்பு செய்த ஆட்டக்காரனைத் தண்டனையாக உட்கார வைக்கும் பெட்டி அது என்று ரமணன் சிரித்துக்கொண்டே சொன்னான். உள்ளே சிவப்புத் துணி போர்த்திய நாற்காலி, மடியில் போட்டுக்கொள்ள வெள்ளைத் துண்டு. அலங்காரத்துக்காக அந்த மரவாளையும் கொண்டுவந்து என் காலடியில் சாய்த்துவைத்திருந்தார்கள்.

இரண்டு மணி விழா மூன்றரைக்குத் தொடங்கியது. ஊர் விட்டு ஊர் வந்தும் நம்மவர்கள் இதில் மாறவில்லை என்று நிம்மதியாக இருந்தது. மங்கல விளக்கு ஏற்றினார்கள். தீ கூடாது என்பதால் பேட்டரி விளக்கு. ஐந்து பேர் வரிசையாக வந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார்கள். பிறகு கனடிய நாட்டுப்பண், தமிழ்த்தாய் வாழ்த்து, போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம். அப்புறம் ஆதரவாளர்களின் உரை. மூன்று பேர் வீடு விற்கிற முகவர்கள். ஒருவர் நகரசபைத் தேர்தலில் நிற்கப்போகிறவர். ரோமில் இலவசமாய் வேடிக்கை காட்டி ஓட்டுக் கேட்டார்கள் என்று புத்தகத்தில் படித்ததை இங்கே கண்ணால் பார்த்தேன். கூட்டம் மட்டன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தது. யாரும் பேச்சைக் கேட்கவில்லை. அதுவும் ரோமைப் போலத்தான் இருந்திருக்கும்.

கடைசிச் சண்டை குகனுடையது. அவர் வெளியே வந்தபோது முகத்தில் கண்ணாடி இல்லை.

மாஸ்ரரைக் கூண்டுக்கு அழைத்தேன். “போட்டோ எடுக்கிறாங்கள் ஐயா. கண்ணாடி போட்ட வலைக்காரனை எந்த ரோமச் சித்திரத்திலயும் நான் காணேல்லை” என்றார்.

“அவர் கண்ணாடி போடாமல் நான் துண்டைப் போடமாட்டேன்.”

“ஐயா, சனம் பாத்துக்கொண்டிருக்குது.”

“பார்க்கட்டும். தொடங்கிவைக்கிற அதிகாரம் யாருக்கு என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.”

காருக்கு ஆள் ஓடி, கண்ணாடி வந்தது. கூட்டம் கைதட்டி என்னைக் கேலி செய்தது. “ஐயா, துண்டு நித்திரையோ?” என்று ஒரு குரல். அமைச்சர் வரும்வரை காளையைப் பிடித்துவைத்து, மூவாயிரம் பேரிடம் வசவு வாங்கியவன் நான். இது எனக்குத் தாலாட்டு. துண்டைப் போட்டேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. குகன் சுற்றினார். வலை வீசினார். ரமணன் இந்த முறை பார்த்துப் பார்த்து அடித்தான். மாஸ்ரர் நடுவர் கம்போடு நொண்டி நொண்டிப் பின்னால் வந்தார். மண்டபத்தின் மறுகோடியில், கோல் கம்பம் நிற்கும் இடத்தில், குகன் பின்வாங்கியபோது ரப்பர் பாயின் விளிம்பு தடுக்கியது. முகம் பக்கவாட்டில் சுவரில் மோதியது. கண்ணாடி கழன்று வழுக்கிக்கொண்டு போனது. அவர் மண்டியிட்டு, தரையைத் தடவிக்கொண்டு, விரலைத் தூக்கினார். தூக்கிய திசையில் நானும் இல்லை, ரமணனும் இல்லை.

துண்டை எடுத்து ஆட்டினேன். ரமணனின் முதுகு என் பக்கம். மாஸ்ரர் பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கூட்டம் எழுந்து நின்றது.

“ஒண்டு விடு ரமணன்!”

“விடடா, பாவம் மனுசன்!”

“விடு! விடு! விடு!”

ஒரே சொல் மண்டபம் முழுக்க. பாதிப் பேருக்கு ஒரு பொருள், மீதிப் பேருக்கு மற்றது. ரமணன் கவசத்தைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். கை உயர்ந்தது.

காலடியில் இருந்த மரவாளை எடுத்தேன். தண்டனைப் பெட்டியின் கதவைத் திறந்தேன். அந்த வயதில், அந்தச் செருப்பில், நான் அப்படி ஓடியதை மதுரையில் யாரும் நம்பமாட்டார்கள். ரமணனுக்கும் குகனுக்கும் நடுவில் போய் நின்று, மரவாளைக் கிடையாகப் பிடித்து என் மருமகனிடம் நீட்டினேன். எனக்குப் பேச்சு வரவில்லை. நல்லவேளை. வந்திருந்தால் என்ன சொல்லைச் சொல்லியிருப்பேனோ.

கூட்டத்துக்குப் புரியவில்லை. ஆனால் ஓரத்தில் நின்ற குழுவினர் அத்தனை பேருக்கும் புரிந்தது. ரமணன் கையை இறக்கினான். கவசத்தைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு நேராக நின்றான்.

குகன் கையால் தடவி, அது என்ன என்று தெரிந்துகொண்டார். “மாமா, உண்மையாத்தான் குடுக்கிறியளோ?”

“உண்மையாகத்தான்.”

‘இனி இறங்கக் கூடாதோ?’ என்று கேட்பார் என எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ப இனி நான் இறங்கத் தேவையில்லையோ?”

“தேவையில்லை.”

அவர் தோள் இரண்டும் இறங்கின. மண்டியிட்டபடியே வாளை மார்போடு வைத்துக்கொண்டு, “மாஸ்ரரிட்டை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் இருந்தனான் மாமா” என்றார். எத்தனை காலமாக என்று நான் கேட்கவில்லை.

மாஸ்ரர் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். என்னை முறைத்தார், குகனைப் பார்த்தார், தரையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை வாங்கி, மரவாள் என்றால் என்ன என்று கூட்டத்துக்கு விளக்கினார். “இவன் என்ர வீட்டில இருந்த பிள்ளை. இண்டையோட இவனுக்கு விடுதலை” என்று முடித்தார். ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டம் கைதட்டியது. மேல் வரிசையில் மீனா எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மாஸ்ரர் என்னைப் பிடித்தார். “என்ர சட்டத்தாலயே என்னை வெட்டிப்போட்டியள் ஐயா.”

“குடுத்தால் குடுத்ததுதான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

“சொன்னனான்தான்.” மீசையைத் தடவினார். குகனின் காரைப் பார்த்தார். “அவன் வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் என்ன, பிடிச்சுக் கட்டியா வைச்சனான்?” பிறகு என்னை மேலும் கீழும் அளந்தார். “வலைக்கு இப்ப ஆள் இல்லை. நீங்கள் ஊரில சும்மாதானே இருக்கிறியள்?”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் கீழே இறங்கி வந்தேன். குகன் சோபாவில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. மேசைமேல் பட்டைக் கண்ணாடி, சுவரில் சாய்த்துவைத்த மரவாள். கன்னத்துச் சிவப்புக் கோடு மங்கியிருந்தது. வலது கண் மூடி, உள்ளே எதையோ பார்த்து லேசாக அசைந்தது.

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீடு, பக்கத்து வீடு, எல்லார் வாசலிலும் நீலத் தொட்டி. எங்கள் வாசலில் கறுப்பு. அதுவும் கைப்பிடி தெருவைப் பார்த்தபடி. ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரை எழுப்பக் குனிந்தேன்.

சமையலறையிலிருந்து மீனா எட்டிப் பார்த்தாள்.

“விடுங்கப்பா.”

விட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு, தொட்டியை மாற்றிவைக்க நானே வெளியே போனேன்.